கரண்டு ரூமில் இரண்டு பேர் ஆட்டம்

போன மாதம் ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் இலுப்பூருக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். நோயாளி கையில் ஓர் உறையை மாட்டிக்கொண்டு விரலை அசைத்தால் எதிரே திரையில் பலூன் வெடிக்குமாம். ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு பெண் குரல் "அருமை" என்று பாராட்டுமாம். வெடிக்காவிட்டால் என்ன சொல்லும் என்று கேட்டேன். அதற்கும் "அருமையான முயற்சி" என்று சொல்லுமாம். போனில் படம் பிடித்து வந்து காட்டினார்கள். மெஷின் அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"ரெண்டு பேர் சேர்ந்து ஆட முடியாதா?" என்றேன்.

"இது ஒரு ஆளுக்குத்தான் மேடம். நீங்க அந்தக் காலத்துலயே ரெண்டு பேர் ஆடுற மாதிரி வீடியோ கேம் ஒண்ணு சொந்தமா செஞ்சீங்களாமே. எழுதிக் குடுங்க மேடம். நம்ம சங்க மலர்ல போடுறோம்."

அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று இரண்டு பொங்கல்தான் போயிருக்கிறது. ஆனால் கையில் பலகாரப் பொட்டலத்தோடு வந்து கேட்கிற பிள்ளைகளிடம் வயதைப் பற்றிச் சண்டை போட முடியுமா? சரி, எழுதுகிறேன் என்றேன்.

படித்த கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. திருச்சியில் படித்தேன். எலும்புகளின் பெயர்களையும் தசைகளின் பெயர்களையும் இலுப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் அதையெல்லாம் கேட்டார்கள். வேலையில் யாரும் கேட்கவில்லை. கடற்கரைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில்தான் நான் அதிக காலம் இருந்தேன். ஜனங்களுக்கு நான் 'கரண்டு வைக்கிற அம்மா', என் அறை 'கரண்டு ரூம்'. வலிக்கு வைக்கும் மின்சார மெஷின் ஒன்று அங்கே இருந்ததால் வந்த பெயர். முழங்கால் வலி, கழுத்து வலி, தோள்பட்டை வலி, எது வந்தாலும் "ஒரு கரண்டு வச்சு விடுங்கம்மா" என்பார்கள். கையை இப்படி மடக்கி நீட்டுங்கள், வீட்டிலும் தினம் செய்யுங்கள் என்றால் முகம் தொங்கிவிடும். "அது கெடக்குதும்மா, செஞ்சுக்கிறேன். கரண்ட எப்ப வைப்பீங்க?" என்பார்கள். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்குப் பிடித்துப் பழக ரப்பர் பந்து கொடுத்து அனுப்புவேன். அடுத்த வாரம் கேட்டால் பேரன் கிணற்றுக்குள் போட்டுவிட்டான் என்பார்கள். எங்கள் வட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, என் பந்துகள் இருந்தன.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவர் வாயிலிருந்து "சரி" என்ற சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "கூடாது" என்பதும் வராது. ஏதாவது அனுமதி கேட்டுப் போனால் முதலில் காதை நன்றாகக் கொடுத்துக் கேட்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "நான் டீ குடிக்கப் போறேன்" என்று எழுந்தால் அனுமதி உண்டு என்று அர்த்தம். அவர் திரும்பி வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். "இன்னைக்கு டீ வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டால் நடக்காது. அரசாங்கத்தில் இத்தனை வருஷம் பெயர் கெடாமல் இருந்ததற்கு டீதான் காரணம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆனால் அளவு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கை பலம் பார்க்க என்னிடம் கருவி கிடையாது. அவர்தான் வழி காட்டினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, இருபதுக்குக் காற்று ஏற்றி, நோயாளியின் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மானியில் முள் எதுவரை ஏறுகிறதோ அதுதான் பிடியின் பலம். மூன்று தடவை பார்க்கச் சொல்வார். "முதல் தடவை அவன் பயப்படுவான். மூணாவது தடவை ஒங்கள ஏமாத்துவான். நடுவுல உள்ளத எழுதுங்கம்மா" என்பார். பிடித்ததோடு முடியாது, விரலைத் திறந்து விடுவதையும் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்த கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். மூடிய விரல் மூடியபடியே நின்றுவிடும்.

ஒரு வருஷம் நார்த்தாமலைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கடைகளுக்கு நடுவில் ஒருவர் டிவி பெட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு கேம் ஆட விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று குச்சியைப் பிடித்து வெறியோடு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் முதுகை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. திரும்பியபோது தெரிந்தது, என் நோயாளி. முந்தின நாள்தான் என் அறையில் உட்கார்ந்து, "தோளத் தூக்கவே முடியலைங்கம்மா, ஊசியால குத்துது" என்று கண் கலங்கினவர். இப்போது அந்தத் தோளை வைத்துப் பக்கத்து ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே கீழே தொங்கிவிட்டது.

"வலி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத்தாம்மா ஆரம்பிச்சுது" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நம் அறையிலேயே வைத்தால் என்ன என்றுதான் தோன்றியது.

அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவர் சேகர். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விஷயத்தைச் சொன்னதும் "அக்கா, ஒரு வாரம் டயம் குடுங்க" என்றார். பல வாரம் ஆனது. அவர் வீட்டில் சுவரில் மாட்டும் டிவி வாங்கிவிட்டதால் பழைய பெட்டி டிவி சும்மா கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டை சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தார். அதில் எளிமையான ஆட்டம் ஒன்றை ஏற்றினார். திரையின் இந்த ஓரம் ஒரு மட்டை, அந்த ஓரம் ஒரு மட்டை, நடுவில் ஒரு பந்து. குச்சியை முன்னால் தள்ளினால் மட்டை மேலே போகும், பின்னால் இழுத்தால் கீழே வரும். பந்தைத் தவற விட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. பதினொன்று எடுத்தவர் ஜெயித்தவர். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெட்டி செய்ய மரம் வேண்டும். வராந்தாவில் கால் உடைந்த மேஜை ஒன்று உதவாது என்று கழிக்கும் உத்தரவுக்காக வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தது. உத்தரவு இல்லாமல் அரசாங்க மேஜையில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. பெரிய டாக்டரிடம் போனேன். கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் டீ குடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

மேஜைப் பலகையைச் சாய்வாக நிறுத்தி, இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு குச்சி வைத்தோம். குச்சிக்கு ஊன்றுகோலின் கைப்பிடிகள், பிடிப்பதற்கு வாகாக அவற்றின் மேல் சைக்கிள் கைப்பிடி ரப்பர். குச்சியின் அடியில் முன்னும் பின்னும் இரண்டு காலிங் பெல் சுவிட்சுகள். குச்சி சாய்ந்தால் சுவிட்ச் அமுங்கும். ஆட்டம் தொடங்க ஒரு பொத்தான் வேண்டும், அதுவும் முஷ்டியால் குத்தக் கூடியதாக இருக்க வேண்டும். களிம்பு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து இன்னொரு பெல் சுவிட்சின் மேல் ஒட்டினோம்.

எங்களைப் படுத்தி எடுத்தது ஸ்பிரிங்தான். சாய்த்த குச்சியை விட்டால் அது தானாக நடுவுக்கு வர வேண்டும். பேனா ஸ்பிரிங் வைத்தோம், குச்சி குடித்தவன் மாதிரி ஆடியது. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் வைத்தோம், சேகராலேயே அசைக்க முடியவில்லை. பிறகு ரத்தம் எடுக்கும்போது புஜத்தில் கட்டுவார்களே, அந்த ரப்பர் குழாய் கண்ணில் பட்டது. அதைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றினால் மெத்தென்று இருந்தது. இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் இறுகியது. கை தேறத் தேறச் சுற்றைக் கூட்டிக்கொண்டே போகலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கண்டுபிடிப்பு என்று நானும் சேகரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். முதல் நாள் ஒயரை மாற்றிக் கொடுத்ததில் முன்னால் தள்ளினால் மட்டை கீழே போனது. அதை இங்கே எழுதுவதை சேகர் விரும்ப மாட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து சேகரோடு ஓர் ஆட்டம் ஆடினார், தோற்றார். இன்னோர் ஆட்டம் ஆடினார், அதிலும் தோற்றார். எழுந்து, "ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ அளவெடுக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சேகரைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

நோயாளிகளின் நல்ல கையை மட்டும் ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டிவிடுவேன். இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கம் திரும்பினதும் நல்ல கை வந்து குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் ஏதோ போலீஸ் கேஸ் என்று நினைத்தார்கள். ஆனாலும் கூட்டம் வந்தது. கரண்டே வேண்டாம், கேம் போதும் என்று சொல்லும் காலமும் வந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கவேலு வந்தார். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருந்தவர். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, கொஞ்சம் நடக்கவும் வைத்து, மீதியை என் தலையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். கால் தேறிவிட்டது. கை தேறவில்லை. படகில் ஒரு கை சுக்கானில் இருக்க வேண்டும், ஒரு கை இன்ஜினில் இருக்க வேண்டும். ஒற்றைக் கைக்காரருக்குக் கடலில் வேலை இல்லை. அவர் இருந்த இடத்தில் இப்போது மனைவியின் தம்பி குமரேசன் சுக்கான் பிடித்துப் போய்வந்துகொண்டிருந்தான்.

"அம்மா, எனக்குக் காலு போனாக்கூடப் பரவால்லை. கை வேணும்" என்றார் முதல் நாளே.

கூட வந்தவர் அவர் மனைவி இந்திரா. வாசல் பக்கத்திலேயே நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். தங்கவேலுவுக்கு எதிராட்டம் ஆட ஆள் வேண்டுமே. தினமும் கூட வருகிறவர், பொறுமையானவர், இவரைவிட நல்ல ஆள் கிடைக்குமா என்று நான்தான் இந்திராவை இழுத்து உட்கார வைத்தேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. மானியில் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தங்கவேலு தினமும் ஜெயித்தார். ஜெயித்ததும் மீசையைத் தடவ இடது கையைத் தேடுவார். அது கட்டிக் கிடக்கும். பிறகு அளவு நின்றுபோனது. ரப்பரில் இரண்டாவது சுற்றுப் போட்டால் முடியாது என்பார். தினமும் வந்தார், ஆடினார், ஜெயித்தார். கை மட்டும் அதே இடத்தில் நின்றது.

சேகர்தான் முதலில் சொன்னார். "அக்கா, தெனமும் பதினொண்ணுக்கு ஒம்பது. ஒரு நாளாவது கூடக் கொறைய வர வேணாமா?"

அன்றைக்கு நான் தங்கவேலுவின் கையைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் விளங்கியது. தங்கவேலுவின் மட்டை எங்கே நிற்கிறதோ, பந்து அங்கேயே போய்க்கொண்டிருந்தது. மேலே நின்றால் மேலே, நடுவில் நின்றால் நடுவில். இலையில் உட்கார்ந்தவர் கை நீட்டாமல் எடுத்துக்கொள்ளும்படி பரிமாறுவது போல, இந்திரா பந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார். நடுநடுவே சில புள்ளி எடுப்பார், இல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வருமே. கடைசியில் மட்டையை ஒரு நூல் தாமதமாக நகர்த்தித் தோற்பார். எனக்கும் சேகருக்கும் அந்த மாதிரி அடிக்க ஏழு ஜென்மத்துக்கும் வராது.

தங்கவேலு டீக்கடைக்குப் போன நேரத்தில் கேட்டேன். "இந்திரா, வேணும்னுதான தோக்குறீங்க?"

சிரித்தார். "ஆம்பளைய நாலு பேரு பாக்கத் தோக்கடிக்கலாமாம்மா? ஏற்கெனவே மனசு விட்டுப் போயிருக்காக. இதுலயும் பொம்பளைகிட்டத் தோத்துட்டாகன்னா ராத்திரி சோத்துத் தட்டுல கை வைக்க மாட்டாக."

"அவரு கை நகர வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டீங்க. கை எப்புடித் தேறும்?"

அந்தம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் நல்லதுன்னுல்லம்மா நெனச்சேன்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? என் வீட்டுக்காரர் கேரம் ஆடும்போது நானும் சிவப்புக் காயை எத்தனை தடவை விட்டுக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கே நீ ஜெயி என்று சொன்னால் எந்தக் கைக்கும் அது வராது.

அப்படியானால் விட்டுக் கொடுக்காத ஆள் வேண்டும். விட்டுக் கொடுக்காதது மட்டும் போதாது, சீண்டவும் வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு உரிமை உள்ளவர் யார்? அக்கா புருஷனைக் கேலி செய்ய மச்சினனுக்கு மேல் ஒருவர் பிறக்கவில்லை. அவன் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. "ஒங்க தம்பிய வரச் சொல்லுங்க" என்றேன். இந்திரா பயந்தார். படகு கைமாறின நாளிலிருந்து தங்கவேலு குமரேசனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். குமரேசன் மீன் கொண்டுவந்து கொடுத்தால், சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாராம். நான் டாக்டரிடம் போனேன். வெளியாள் ஒருவன் தினம் வந்து நோயாளியைக் கேலி செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போனார்.

குமரேசன் வந்து நின்றதும் தங்கவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன மச்சான், ஒரு கையக் கட்டிப் போட்டிருக்காக? எங்கக்கா செய்ய வேண்டிய வேலைய டாக்டரம்மா செஞ்சுட்டாகளா?" என்றான் அவன்.

"இவன யாரு வரச் சொன்னது?"

"நான்தான்" என்றேன். "ஒரு ஆட்டம் ஆடுங்க. பிடிக்கலைன்னா அனுப்பிடுறேன்."

குமரேசன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பந்து பறந்தது. பதினொன்றுக்குப் பூஜ்யம். தங்கவேலுவின் மட்டை அசைவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"மச்சான், ஆரம்பிக்கட்டுமா?" என்றான் குமரேசன்.

தங்கவேலுவின் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னொண்ணு போடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறை அறையாக இல்லை. குமரேசன் வாய் ஓயாது. "ஒங்க படகு இப்ப என் பேச்சத்தான் கேக்குது மச்சான். அங்கிட்டுன்னா அங்கிட்டுப் போகுது, இங்கிட்டுன்னா இங்கிட்டு வருது. ஒங்ககிட்ட இருந்தப்ப மொரண்டு பிடிக்குமாமே?" என்பான். தங்கவேலு பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியைத் தள்ளுவார். "மாப்ளே, வாய வச்சு ஆடாத, கைய வச்சு ஆடுறா" என்பார். அவன் பெயரைச் சொல்லக்கூட மறுத்தவர் வாயில் 'மாப்ளே' வந்ததைக் கேட்டு இந்திரா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

கை அசைந்தது. பூஜ்யம் இரண்டானது, இரண்டு ஐந்தானது. ரப்பரில் இரண்டாவது சுற்றுப் போட்டேன், பிறகு மூன்றாவது. முள் ஏறியது. டாக்டர் நடு அளவைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து "ம்" வருவது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம். வீட்டிலும் மீனைச் சாப்பிடுகிறார் என்று இந்திரா வந்து சொன்னார்.

ஒரு நாள் தங்கவேலு குமரேசனை ஜெயித்தே விட்டார். விட்டுக் கொடுத்தானா என்று நான் குமரேசன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே தோற்ற முகம். கட்டை அவிழ்த்துவிட்டேன், தங்கவேலு எழுந்து நின்றார். நானும் சேகரும் கை தட்டினோம்.

"மாப்ளே, நாளைக்கு நீ கரையில நின்னு வேடிக்க பாரு. சுக்கான் எனக்கு" என்றார்.

என் கைதட்டல் பாதியில் நின்றது. ஓர் ஆட்டம் சில நிமிஷம். கடலில் பொழுது விடிந்து அடையும் வரை பிடிக்க வேண்டும். அரை மணி தொடர்ந்து ஆடினால் அவர் பிடி பாதியாகக் குறைகிறது என்பதும், விரல் திறக்காமல் நின்றுவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். சொன்னேன். பட்டையைச் சுருட்டி அளவு காட்டியும் சொன்னேன்.

"அம்மா, நீங்க செஞ்சது பெரிய உதவி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா கடலப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க."

டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. "போகக் கூடாது" என்றார். நாங்கள் யாரும் அவர் வாயால் கேட்டிராத சொல். தங்கவேலு அவரைக் கும்பிட்டார், ஆனால் கேட்கவில்லை. வேகமாக ஓடும் படகில், அலை திருப்புகிற நேரத்தில், சுக்கானில் மூடின விரல் திறக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. குமரேசனும் கேலியை மறந்து, "மச்சான், நானும் கூட வாரேன்" என்றான். "ஒரு படகுக்கு ஒரு சுக்கான், ஒரு ஆளு" என்றார் அவர்.

அப்போது இந்திரா வாசலிலிருந்து உள்ளே வந்தார். வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குமரேசனை எழுந்திருக்கச் சொல்லி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி நுனியில் உட்காரவில்லை.

"எங்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க" என்றார்.

"ஒங்கூடயா?" தங்கவேலு சிரித்தார். "சரி, வா. போறப்ப நீயும் ஒண்ணு தோத்துக்க."

கட்டாத இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வேகமாகத் தொடங்கினார். நான்குக்குப் பூஜ்யம், அவர் பக்கம். இந்திரா அவசரப்படவில்லை. புள்ளி எடுக்கவும் முயலவில்லை, பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆனால் மட்டை இருந்த இடத்துக்கு அனுப்பவில்லை. மேல் மூலைக்கு ஒன்று, கீழ் மூலைக்கு ஒன்று, மறுபடி மேலே, மறுபடி கீழே. பந்து சாகவே இல்லை. தங்கவேலு தள்ளினார், இழுத்தார், தள்ளினார், இழுத்தார். ஒரு புள்ளிக்கே அவருக்கு வேர்த்துவிட்டது. ஐந்து, ஆறு என்று எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. குச்சி முன்னால் போனது, திரும்பி வரத் தாமதமானது. பிறகு இன்னும் தாமதமானது. இந்திராவின் எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறியது. அந்தம்மா கண் கொட்டாமல் திரையைப் பார்த்து ஆடினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கக்கூடக் குச்சியை விடவில்லை.

பதினொன்றுக்கு ஆறு.

ஆட்டம் முடிந்த பிறகும் தங்கவேலுவின் கை குச்சியிலேயே இருந்தது. விட முடியவில்லை. நான் எழுந்தேன். அதற்குள் இந்திராவே திரும்பி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

தங்கவேலு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளும் வேணும்னேதான் தோத்தியா?"

"ஆமா."

"இன்னைக்கு மட்டும் என்ன?"

"கடலு விட்டுக் குடுக்காதுல்ல" என்றார் இந்திரா.

சேகர் மெதுவாக டிவியை அணைத்தார். தங்கவேலு குமரேசனைப் பார்த்து, "நாளைக்கு நீயே பிடி மாப்ளே" என்றார். அவன் வாயைத் திறந்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். தங்கவேலு சுக்கான் பிடித்தது அடுத்த சீசனில்தான். அந்தக் கரையில் நான் இல்லை, அதனால் அதை நான் சொல்வது சரியாக இராது. அன்றைக்கு அந்த அறையில் கடைசியாக நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார். தங்கவேலு கூப்பிட்டார்.

"எங்க போற? ஒக்காரு. சேகர் தம்பி, பொட்டியப் போடுங்க."

"இனிமே இப்புடித்தான் ஆடுவேன். பரவால்லையா?" என்றார் இந்திரா.

தங்கவேலு துண்டால் கட்டச் சொல்லி, தன் இடது கையை என் பக்கம் நீட்டினார்.